வெள்ளை ராணியும் சனிக்கிழமை இடியும்

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கிள்ளான் வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: அம்மா, அண்ணன், அண்ணி, நான். அப்பா இல்லை. காப்பாரில் உறவுக்காரர் ஒருவரின் பதினாறாம் நாள் காரியத்துக்குக் காலையிலேயே மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். அவர் இல்லாததை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. இடி இடித்தால் எங்கள் வீட்டில் மெயின் சுவிட்சை இறக்குவது அப்பாவின் வேலை.

தூரத்தில் எங்கோ முதல் உறுமல் கேட்டால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து போவார். அவசரப்பட மாட்டார். வாசல் கதவுக்கு மேலே இருக்கும் பலகையில் சுவிட்சை இறக்குவார். பிறகு தொலைக்காட்சிக்குப் பின்னால் குனிந்து ஏதோ செய்வார். அம்மா நிலைக்கண்ணாடி மேல் ஒரு சேலையைப் போடுவாள். எல்லாரும் மரக்கட்டிலில் ஏறி, காலைத் தரையில் படாமல் மடக்கி உட்காருவோம். மழை விட்டு வெகு நேரம் கழித்துத்தான் விளக்கு வரும். எங்கள் வீட்டு வரிசையில் முன்பொரு தடவை இடி விழுந்து ஒரு தென்னை மரம் உச்சியிலிருந்து அடிவரை கருகி நின்றது. பள்ளிக்குப் போகும் வழியில் பல மாதங்கள் அதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பயம் போகவே இல்லை. பௌதிகத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிறகும் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை சுவிட்சை இறக்க முடியாத நிலை. முன்னறையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், அண்ணன் தன் சம்பளத்தில் மாதாமாதம் கட்டி எனக்கு வாங்கித் தந்த கம்ப்யூட்டர் புதன்கிழமையிலிருந்து நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரே ஒரு சதுரங்க நிலையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தது.

அந்த நிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். வார நாட்களில் தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி அறையில் மூன்று பேரோடு தங்கியிருந்தேன். சாயங்காலங்களில் அதே தெருவில் ஒரு மண்டபத்தில் ரயில்வே ஆட்களும் கிளார்க்குகளும் செஸ் ஆடுவார்கள். புதிதாக யார் வந்தாலும் அவர்களுக்கு ஓர் ஆட்டத்தைக் காட்டுவது அங்கே வழக்கம். நூறு வருடத்துக்கும் முந்தையது. உலகம் முழுக்கத் தெரிந்த ஆட்டம். ஒவ்வொரு நகர்வாக வைத்துக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நிறுத்தி, "இப்ப நீ என்னா ஆடுவே?" என்று கேட்பார்கள். யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. ஏனென்றால் அந்த இடத்தில் வெள்ளைக் காய் ஆடுபவன் தன் ராணி வெட்டுப்படுவதைக் கண்டும் காணாதவன் போல விட்டுவிட்டு ஒரு குதிரையை நகர்த்துகிறான். கறுப்பு ராணியைத் தின்கிறது. அதற்கப்புறம் கறுப்பு ராஜாவுக்கு உட்கார இடமில்லை.

மண்டபத்தில் எல்லாரும் அதை ரசித்துச் சிரிப்பார்கள். எனக்கு முதல் தடவை சிரிப்பு வரவில்லை. இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்து எதிரி கையில் வைப்பது என்னால் தாங்க முடியாத காரியமாக இருந்தது. தப்பாகிப்போனால்? அந்த மனிதன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தானா, இல்லை தைரியத்தில் கொடுத்துவிட்டுப் பிறகு பார்த்தானா? அதுதான் என் கேள்வி. இறுதியாண்டு ஆய்வுக்கு அதையே எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வழிகாட்டியாக இருந்த விரிவுரையாளர் ஒரு சீனப் பெண்மணி, குறைவாகப் பேசுவார். அவர் கேள்வியைச் சுருக்கிக் கொடுத்தார். செஸ் ஆடும் புரோகிராமிடம் அந்த நிலையைக் கொடு. ஒரு நகர்வு முன்னால் பார்த்தால் என்ன சொல்கிறது, ஐந்து பார்த்தால், பத்துப் பார்த்தால் என்ன சொல்கிறது, குறித்துக்கொள். எத்தனை நகர்வு ஆழத்தில் அந்த மிஷின் ராணியைக் கொடுத்தது சரிதான் என்று ஒத்துக்கொள்கிறது? "நீ நம்புவதை எழுதாதே. அது சொன்னதை எழுது," என்றார்.

பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். பூட்டுவதற்கு முன் எல்லா மிஷினையும் அணைத்துவிடுவார்கள். என் வேலையோ இரவும் பகலும் ஓட வேண்டியது. ஒவ்வொரு நகர்வு கூடும்போதும் யோசிக்கும் நேரம் ஐந்து ஆறு மடங்கு பெருகும். நடுவில் மின்சாரம் போனால் அதுவரை யோசித்ததெல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்துதான். அதனால் அந்த வாரம் வீட்டிலேயே தங்கி ஓட்டினேன். திங்கட்கிழமை ஆய்வை எழுதி முடித்துத் தர வேண்டும். தராவிட்டால் அந்த வருடம் பட்டம் இல்லை. இன்னொரு வருடத்துக்குக் கட்டணம் கட்ட வழியில்லை. இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அண்ணனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் லோரி ஓட்டினான். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். செஸ் தெரியாது. ஆனால் லோரிகள் வரிசையில் நிற்கும் நேரத்தில் காப்பிக் கடையில், கட்டம் போட்ட அட்டையில் போத்தல் மூடிகளை வைத்து டாம் ஆடுவான். அந்த ஆட்டத்தில் எதிரி வைத்ததைத் தின்றே ஆக வேண்டும் என்பது சட்டம். ஒன்றைத் தின்னக் கொடுத்து மூன்றைத் தின்பதுதான் அவனுடைய திறமை. அதனால் என் ராணி விஷயம் அவனுக்கு உடனே பிடித்துப்போயிற்று. புதன்கிழமையிலிருந்து வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான்.

திரையில் அதிகம் ஒன்றும் இருக்காது. எத்தனை நகர்வு ஆழம் என்று ஓர் எண். அதற்குப் பக்கத்தில் வெள்ளையின் நிலைமையைச் சொல்லும் இன்னோர் எண். முன்னால் மைனஸ் இருந்தால் வெள்ளை தோற்கிறது, பிளஸ் இருந்தால் ஜெயிக்கிறது. முதலில் மைனஸ் எட்டு என்றது. ராணி போனால் எந்தக் கணக்குப்பிள்ளையும் அதைத்தான் சொல்வான். ஆழம் கூடக்கூட மைனஸ் ஐந்து, மைனஸ் மூன்று என்று சுருங்கியது.

"பயந்தாங்கொள்ளி மிஷின்லா இது," என்றான் அண்ணன். "தின்னக் குடுத்தவொடனே அழுவுது பாரு, மைனஸ் மைனஸ்ன்னு. கொஞ்சம் பொறுத்துப் பாக்கத் தெரியல. உன்ன மாதிரியே."

"அது பயப்படாதுண்ணே. அதுக்கு அவ்ளோதான் தெரியும்."

"அதத்தான் நானும் சொல்றேன். தெரியாதவன்தான் பயப்படுவான்."

காப்பிக் கடையில் போய் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு நாளும் அவர்கள் அவனிடம், "என்னா பாஸ், உன் தம்பி ராணி இன்னும் ஜெயிக்கலையா?" என்று கிண்டல் செய்வார்களாம். சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொல்வான்.

சனிக்கிழமை காலையில் மைனஸ் ஒன்றைவிடவும் சுருங்கிவிட்டது. அடுத்த ஆழத்தின் கணக்கு நடந்துகொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் முடியும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மத்தியானச் சோறு சாப்பிட்டுக் கை கழுவும்போது மேற்கே முதல் உறுமல் கேட்டது.

அம்மா சமையலறையிலிருந்தே சொன்னாள். "பெரியவனே, மெயின எறக்கு."

அண்ணன் திரையைப் பார்த்தபடியே இருந்தான்.

"காதுல விழுதா? அப்பா இல்ல. நீதான் எறக்கணும்."

"தூரமாத்தான்ம்மா இடிக்குது. கடல் பக்கம்."

"கடல் எங்க இருக்கு, பத்து மைலா?"

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரைமேல் காற்று கையை வைத்துத் தேய்ப்பது போல ஒரு சத்தம். அண்ணிக்கு எட்டு மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரக்கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். அம்மா கண்ணாடிக்குச் சேலையைப் போட்டாள். எல்லாம் வழக்கப்படியே நடந்தது. விளக்கு மட்டும் எரிந்தது. அதுதான் என்னைக் கலக்கியது. இடி இடிக்கும்போது எங்கள் வீட்டில் விளக்கு எரிந்து நான் பார்த்ததே இல்லை. தெரிந்த முகங்கள் எல்லாம் வேறு முகங்களாக இருந்தன.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணிக்கொண்டே இருந்தேன். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. படித்த படிப்பு அந்த நேரத்தில் எனக்குக் கொடுத்தது அவ்வளவுதான்: இடி எவ்வளவு கிட்டே வருகிறது என்று தெரிந்தது.

அண்ணன் எழுந்தான். சுவிட்சை இறக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். அவன் போய்க் கதவுக்கு முன்னால், சுவிட்சுப் பலகைக்கு நேர் கீழே, அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

"இப்ப எறக்கினா என்னாடா ஆவும்?" என்று என்னைக் கேட்டான்.

"மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"திங்கக்கெழமைக்குள்ள முடியுமா?"

"முடியாதுண்ணே."

"அப்ப யாரும் கிட்ட வராதீங்க."

அம்மா அவனிடம் பேசுவதை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடா. நீதான படிச்சவன். எறக்கலாமா, வேணாமா? நீ சொன்னா சரி."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவின் கண்களில் பயம் இருந்தது. பயத்துக்கு அடியில், இவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. இடியைவிட அந்த நம்பிக்கைதான் எனக்கு அதிகம் நடுக்கம் தந்தது. 

"எறக்கிடலாம்ண்ணே," என்றேன். "பரவால்ல. லெக்சரர்கிட்டப் போயி கேட்டுப் பாக்கறேன். ஒரு வாரம் டைம் குடுப்பாங்க."

"குடுப்பாங்களா?"

 கொடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"நீ பயத்துல சொல்ற," என்றான். கோபமில்லை அவனிடம். "உன் மிஷின் மாதிரிதான் நீயும். இன்னும் கொஞ்சம் ஆழமாப் போனா பிளஸ் வந்துரும்லா. இவ்ளோ தூரம் வந்துட்டு இப்ப எவனாவது நிறுத்துவானா?"

"வாய மூடுறா," என்றாள் அம்மா. "கட்டில்ல புள்ளத்தாச்சி ஒக்காந்திருக்கா. இவனுக்கு ராணி கேக்குது."

"அத்த, விடுங்க," என்றாள் அண்ணி. "அவரு கேக்க மாட்டாரு. காலத் தூக்கிட்டு மேல வாங்க."

மழை கொட்டத் தொடங்கியது. பேசினால் கேட்காத அளவு இரைச்சல். அம்மா கட்டிலில் ஏறி அண்ணியைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. நான் கட்டிலின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு மின்னலுக்கும் அறையே வெள்ளையாகி மீண்டது. தொலைக்காட்சியின் இருண்ட கண்ணாடியில் நாங்கள் மூவரும் தெரிந்து மறைந்தோம். நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எண்ண இடமில்லாமல் போயிற்று.

அண்ணன் பலகையை விட்டுத் திரைக்கு வந்தான். திரையில் ஏதோ மாறியிருக்க வேண்டும். வலது கையைக் கம்ப்யூட்டரின் தகரப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு, குனிந்து, முகத்தைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனான். அண்ணி ஏதோ சொல்ல, நான் அவள் பக்கம் திரும்பினேன்.

அது இடிச் சத்தமாகவே கேட்கவில்லை. பெரிய கிளை ஒன்றை யாரோ காதுக்குள் ஒடித்தது போல இருந்தது. தொலைக்காட்சிக்குப் பின்னால் நீலமாக ஒன்று பறந்தது. விளக்குப் போயிற்று. சுட்ட ரப்பர் வாடை. இருட்டில் அம்மா, "பெரியவனே," என்று மெதுவாக அழைத்தாள். பதில் இல்லை. மறுபடி அதே குரலில் அழைத்தாள். கத்தவில்லை அவள். 

நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தான். கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது. வலது கை அவனுடையது இல்லாதது போல ஒரு பக்கம் கிடந்தது. நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அதைத் தொட்டேன். மழையில் ஓடிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர்கள் வேனில் அவனை ஏற்றி அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க அவன் தலை என் மடியில் இருந்தது. என்னைப் பார்த்தான், ஆனால் பேசவில்லை. எட்டு மாதக்காரியைக் கட்டிலில் விட்டுவிட்டு இவனைத் தூக்கிக்கொண்டு போகிறோமே, இரண்டு பக்கமும் ஏதாவது ஆகிவிட்டால் அப்பாவுக்கு என்ன சொல்வேன் என்றுதான் அந்த வேனில் யோசித்தேன்.

டாக்டர் இருதயம் சரியாக இருக்கிறது என்றார். கைக்கு இப்போது ஒன்றும் சொல்ல முடியாது, பார்க்கலாம் என்றார். அந்தப் 'பார்க்கலாம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் நடைவழியில் உட்கார்ந்திருந்தேன். லோரியின் கியரைப் பிடிப்பது இடது கை. ஸ்டியரிங்கில் முழு நேரமும் இருக்க வேண்டியது வலது கை.

அப்பா சாயங்காலம் ஈரத்தோடு வந்தார். வீட்டுக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தார். அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏரியல் கம்பிய யாரும் கழட்டலியா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சுவிட்சை இறக்கிவிட்டுத் தொலைக்காட்சிக்குப் பின்னால் குனிந்து அப்பா இத்தனை வருடமாகச் செய்தது அதுதான். கூரைமேல் நிற்கும் ஏரியலின் கம்பியைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவார். நாங்கள் சுவிட்சுக்காகச் சண்டை போட்டோம். சுவிட்ச்தான் ஆபத்து என்று அதைச் சுற்றியே நின்றோம். இடி கூரைமேல் இருந்த ஏரியலில் இறங்கி, தொலைக்காட்சி வழியாக, கம்ப்யூட்டரும் செருகியிருந்த அதே பிளக் பலகைக்கு வந்து, அண்ணன் கை வைத்திருந்த பெட்டிக்குப் போயிருக்கிறது. மெயினை இறக்கியிருந்தாலும் அது வந்திருக்கும். அம்மா, அண்ணன், நான் மூன்று பேருமே தப்பான இடத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம்.

"தெரியலப்பா," என்றேன்.

"ம்," என்றார். 

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனுக்குப் பேச்சு நன்றாக வந்துவிட்டது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போனதும் அவன் சொன்னது இதுதான்.

"மைனஸ் போயிருச்சிடா. பிளஸ் வந்துச்சு. நான் பாத்தேன்."

"எப்பண்ணே?"

"அடிச்சிச்சே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி. பிளஸ். அதுக்குப் பக்கத்துல ஒன்னு. அப்புறம் புள்ளி. மிச்சத்தப் பாக்கல."

"நெசமாவா?"

"பிளஸ்கூடவாடா எனக்குத் தெரியாது?" சிரிக்கப் பார்த்தான். "எழுதிக்கோ. ராணியக் குடுத்தது சரிதான்."

அன்று முழுக்க அதை எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தேன். அவன் பார்த்திருக்கலாம். நான் நன்றாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். அவன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. கடைசியில், பழைய ஆழங்களுக்கு என் கையால் குறித்திருந்த எண்களை வரிசையாக எழுதி, கடைசி ஆழத்துக்கு எதிரே இப்படி எழுதினேன்: மின்னல் தாக்கியதால் கணக்கு முடியவில்லை, தாக்குவதற்குச் சற்று முன் எண் பிளஸுக்கு மாறியதை இன்னொருவர் பார்த்திருக்கிறார், பதிவு இல்லை.

திங்கட்கிழமை அந்த விரிவுரையாளரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

"யார் அந்த இன்னொருவர்?"

"என் அண்ணன்."

"அவர் செஸ் ஆடுவாரா?"

"இல்லை. லோரி ஓட்டுவார். மருத்துவமனையில் இருக்கிறார்."

பென்சிலால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். வரியை அடித்துவிடவில்லை. ஆய்வு தேறியது. பட்டமும் வந்தது.

அண்ணன் விரல்களை மடக்க மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை ஒவ்வொரு காலையும் அம்மா அவன் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்துப் பார்ப்பாள். அது விழும் சத்தம் கேட்டால் நான் குளியலறைக்குள் போய்விடுவேன். நான்காவது வாரக் கடைசியில் லோரிக்குத் திரும்பினான். அண்ணிக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் இருக்கும் புது மிஷின்கள் அந்த நிலையை ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் முடித்துவிடும். பல தடவை கறுப்பையும் வெள்ளையையும் திரையில் அடுக்கி வைத்திருக்கிறேன். ஓட்டவில்லை. முடிவில் மைனஸ் வந்துவிட்டால் அண்ணன் என்னிடம் பொய் சொன்னான் என்று ஆகிவிடும். பிளஸ் வந்தால், அதைப் பார்ப்பதற்காகத்தான் அவன் கையை அங்கே வைத்திருந்தான் என்று ஆகிவிடும். இரண்டையும் தாங்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அண்ணன் மருத்துவமனையிலிருந்து வந்த அன்று, எதை முதலில் சரிசெய்வது என்று பேச்சு வந்தது. தொலைக்காட்சி என்றாள் அம்மா. "மிஷினத்தான் மொதல்ல செய்யணும்," என்றான் அண்ணன், இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே. "டிவி இல்லாட்டி யாரும் சாவ மாட்டாங்க." அப்பா சரி என்றார். கம்ப்யூட்டருக்கு உள்ளே எல்லாவற்றையும் மாற்ற எழுநூற்று இருபது வெள்ளி, சுவரில் கம்பி மாற்றியவனுக்கு நூற்று அறுபது, மூன்றாம் வகுப்பு வார்டுக்கு இருபத்திரண்டு, அண்ணன் வேலைக்குப் போகாத நாலு வாரத்துக்கு எண்ணூறு, பழைய தொலைக்காட்சி ஒன்று பிறகு வாங்கியதற்கு முந்நூற்று ஐம்பது. எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அப்பா வாய்க்கணக்காகவே கூட்டினார், ஒரு தடவை கூட்டிவிட்டு மறுபடி கூட்டிப் பார்த்தார். மொத்தம் இரண்டாயிரத்து ஐம்பத்திரண்டு வெள்ளி.